சிங்கக் கூட்டம் யாருடையது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள், ஆண் சிங்கம் ஒன்று பச்சைக் குட்டிகளைக் கடித்துக் கொல்லும் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "அப்பா சிங்கமே பிள்ளையைக் கொல்லுமா?" என்று கேட்டவளுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கூடவே மூன்று சந்தேகங்களையும் எழுதியிருக்கிறார். கூட்டத்துக்குத் தலைமை ஆணா, பெண்ணா? ஆண் சிங்கம் வேட்டைக்கே போகாமல் உட்கார்ந்து சாப்பிடும் என்கிறார்களே, நிஜமா? அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்ற உறவெல்லாம் அவற்றுக்குத் தெரியுமா?

கும்பகோணத்தில் பல வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவள் நான். இந்தக் கேள்விகள் வகுப்பிலும் வரும், ஆனால் அங்கே பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரத்தில் இரண்டு வரியில் கடந்துவிடுவோம். இங்கே அந்த அவசரம் இல்லை.

முதலில் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது: கொன்றது அப்பா கிடையாது. அப்பாவை விரட்டிவிட்டு உள்ளே நுழைந்த வெளி ஆண் அது. ஆண் சிங்கம் தன் குட்டிகளைக் கொல்வது மிக மிக அரிது. அந்தக் குட்டிகள் அதுவரை உயிரோடு இருந்ததற்கே, எல்லையில் அப்பா நின்றது ஒரு பெரிய காரணம். ஏன் வெளி ஆண் வருகிறது, வந்ததும் ஏன் கொல்கிறது என்பதைச் சொல்ல, சிங்கக் குடும்பம் எப்படி அமைந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் பக்கத்துக் கோயில்களில் பார்க்கிற சிங்கமெல்லாம் பிடரியோடுதான் இருக்கும். பட்டீஸ்வரத்துத் துர்க்கையைக் கும்பிடப் போகிறவர்களுக்கும், திருவிழாவில் சிம்ம வாகனப் புறப்பாடு பார்க்கிறவர்களுக்கும் சிங்கம் என்றால் அந்த ஆண் முகம்தான். அதனால் பிடரி வைத்த ராஜா, அவருக்குப் பல மனைவிகள், அவருடைய பிள்ளைகள் என்று நம் மனதில் ஒரு படம் விழுந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் நடப்பது நேர்மாறு. அங்கே கூட்டம் என்பது பாட்டி, அம்மா, சித்தி, பெரியம்மா, மகள், பேத்தி என்று பெண்வழியில் போகிற ஒரு குடும்பம். நிலம் அந்தப் பெண்களிடம் இருக்கிறது. ஆண்கள் வெளியிலிருந்து வந்து, சில வருடம் இருந்து, போய்விடுகிறவர்கள்.

தான்சானியாவின் செரங்கெட்டியில் 1966-ல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் சிங்கங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு குறித்துவைக்கத் தொடங்கினார். மீசைப்புள்ளிகளை வைத்தே ஒரு சிங்கத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பதிவுகளைத் தொடர்ந்தார்கள். 1978-லிருந்து கிரேக் பேக்கரும் ஆன் பியூசியும் அதைப் பெரிய அளவில் நடத்தினார்கள். ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததால்தான் இன்று இவ்வளவு தெரிகிறது. இரண்டு மாதம் போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் எவருக்கும் ராஜா கதைதான் கிடைத்திருக்கும்.

ஒரு கூட்டத்தில் வளர்ந்த பெண்கள் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வரை இருக்கும். ஒன்றே ஒன்று இருப்பதும் உண்டு, பதினெட்டு வரை போவதும் உண்டு. அவற்றின் குட்டிகள், அப்புறம் ஒரு ஆண் கூட்டணி. அந்தக் கூட்டணியில் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்கள், அபூர்வமாக ஒன்பது வரை. இத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. டிவியில் ஒரே மரநிழலில் பதினைந்து சிங்கம் படுத்திருப்பதைக் காட்டுவார்கள். உண்மையில் ஒரு கூட்டம் எந்த நாளிலும் இரண்டு, மூன்று, ஐந்து என்று பிரிந்து, தங்கள் எல்லைக்குள் ஆங்காங்கே கிடக்கும். நாலு நாள் கழித்துச் சந்தித்தால் தலையைத் தலையோடு உரசி, கன்னத்தை நக்கி நலம் விசாரித்துக்கொள்ளும். வெளிக்கூட்டத்துப் பெண் ஒன்று வந்தால் அந்த உரசல் கிடைக்காது, துரத்தல்தான்.

பெண் குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். மற்றவை கூட்டம் பெருத்துவிட்டாலோ, புது ஆண்கள் வந்து குழப்பம் ஆனாலோ, சம வயதுக்காரர்களோடு சேர்ந்து வெளியேறும். பெரும்பாலும் தூரம் போகாமல், அம்மாவின் எல்லையை ஒட்டியே தனிக் கூட்டம் அமைத்துக்கொள்ளும்.

இந்தப் பெண்களுக்குள் தலைவி யார்? ஒருவரும் இல்லை. எனக்கு இந்த விலங்கின் மேல் இவ்வளவு ஈடுபாடு வந்ததற்கு இதுதான் காரணம். யானைக் கூட்டத்தில் மூத்த பெண் வழிநடத்தும். கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்களுக்குள் கறாரான படிவரிசை உண்டு, ராணியின் மகளுக்கு அம்மாவுக்கு அடுத்த இடம். ஓநாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடி மட்டுமே குட்டி போடும். பெண் சிங்கங்களில் இப்படி எதுவும் கிடையாது. ஒருத்தி குட்டி போடக் கூடாது என்று இன்னொருத்தி தடுப்பதில்லை. வயதில் மூத்தது, பெரியது என்பதற்காக மற்றவை வழிவிடுவதும் இல்லை. இரை விழுந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உறுமி, அறைந்து, பிடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் பார்க்க ஒரே ரகளையாக இருக்கும். ஆனால் வருடக் கணக்கில் எழுதி வைத்துப் பார்த்தால், ஒரு கூட்டத்துப் பெண்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு குட்டிகளை வளர்த்து எடுத்திருக்கின்றன.

தலைமை இல்லாமல் எதற்காகச் சேர்ந்து வாழ வேண்டும்? பூனை இனத்தில் புலி, சிறுத்தை எல்லாம் தனியாகத்தானே இருக்கின்றன. சேர்ந்து வேட்டையாடினால் அதிகம் கிடைக்கும் என்பதுதான் பல காலம் சொல்லப்பட்ட பதில். நானும் அப்படித்தான் படித்தேன். பேக்கர் குழு செரங்கெட்டியில் அளந்து பார்த்தபோது கணக்கு அப்படி வரவில்லை. சேர்ந்து பிடித்ததைப் பத்து வாய் தின்றால் ஒரு வாய்க்குக் கிடைப்பது, தனியாகப் பிடித்துத் தின்பதைவிட எப்போதும் அதிகம் என்று சொல்ல முடியவில்லை. காட்டுப்பன்றி மாதிரி சின்ன இரை வந்தால் ஒரு பெண் பாய, மற்றவை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். வரிக்குதிரை, எருமை என்றால்தான் மற்றவையும் உண்மையாக இறங்கும்.

பதில் நிலத்தில் இருக்கிறது. இது நம் டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். செரங்கெட்டியில் எந்த இடம் சிங்கத்துக்கு நல்ல இடம் என்று பார்த்தபோது, ஓடைகளும் ஆறுகளும் ஒன்றுகூடும் இடங்கள்தான் முன்னால் வந்தன. அப்படிப்பட்ட இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் எல்லை இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக ஒரு பெண் சிங்கம் குட்டிகளை ஆளாக்குகிறது. கோடையிலும் அங்கே குழிகளில் தண்ணீர் நிற்கும், குடிக்க மான்களும் வரிக்குதிரைகளும் வரும், பதுங்கக் கரையோரப் புதர் இருக்கும். தலைமடை நிலம் வைத்திருப்பவருக்கும் கடைமடையில் கடைசித் தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். கல்லணையிலிருந்து ஆறு பிரிந்து பிரிந்து வருகிற ஊர் நம்முடையது. அங்கே ஆறு கூடும் இடத்துக்குச் சண்டை. மேட்டூர் திறக்க நாம் காத்திருக்கும் ஜூன் மாதத்தில்தான் செரங்கெட்டியின் தெற்குப் புல்வெளி காய்ந்து, வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் மந்தைகள் மேற்கும் வடக்குமாக நகர்ந்துவிடும். சிங்கங்கள் மந்தையோடு போக முடியாது, எல்லையை விட்டுப்போனால் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். மந்தை திரும்பும்வரை, நல்ல நிலம் இல்லாத கூட்டத்தில் குட்டிகள் பட்டினியால் சாகும்.

நல்ல நிலத்தைத் தனியாளாகக் காக்க முடியாது. பெண்கள் அதிகம் உள்ள கூட்டம், குறைவாக உள்ள பக்கத்துக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டே போகும். தனித்து விடப்பட்ட பெண் சிங்கம் குட்டிகளை வளர்த்து எடுப்பது மிகக் கடினம். அதற்காகக் கூட்டம் எவ்வளவுக்குப் பெருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றும் இல்லை. அளவு மீறினால் உள்ளேயே சாப்பாட்டுக்கு இடிபடும், ஒரு பகுதி பிரிந்துபோகும்.

அவை எண்ணிப் பார்க்கின்றன என்பதற்கு அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. சிங்கக் கர்ஜனை 8 கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். கேரன் மெக்கோம்பும் பேக்கர், பியூசியும் வெளிப் பெண்களின் கர்ஜனையைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குரல் மட்டும் கேட்டால், கூட்டத்துப் பெண்கள் எழுந்து நேராக அதை நோக்கி நடந்தன. மூன்று குரல் சேர்ந்து கேட்டால் தயங்கின. தாங்கள் எத்தனை பேர், எதிரில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. ஆள் குறைவாக இருந்தால், தூரத்தில் இருக்கும் தங்கள் உறவுகளைக் கர்ஜித்துக் கூப்பிட்டன. இதன் முடிவுகள் 1994-ல் வந்தன.

அடுத்த வருடம் ராபர்ட் ஹெய்ன்சோனும் பேக்கரும் வெளியிட்டது இன்னும் சுவையானது. ஒலிபெருக்கியை நோக்கி நடக்கும்போது எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி நடக்கவில்லை. எப்போதும் முன்னால் போகிறவை சில, எப்போதும் பின்தங்கி மற்றவை ஆபத்தை ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருக்கிறவை சில. ஆள் தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் முன்னால் வருகிறவை உண்டு. ஆள் தேவைப்படுகிற நேரத்திலேயே இன்னும் பின்தங்குகிறவையும் உண்டு. முன்னால் போகிறது திரும்பித் திரும்பிப் பார்க்கும். பின்தங்குகிறது யார் என்று அதற்குத் தெரியும், அதோடு போகும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இருந்தும் அதைக் கடிப்பதில்லை, கூட்டத்தைவிட்டு விரட்டுவதில்லை. ஏன் பொறுத்துக்கொள்கிறது என்பதற்கு என் எண்ணம் இது: வெளியிலிருந்து வருகிறவளுக்கு உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான் தெரியும், அதில் யார் துணிச்சல்காரி என்று தெரியாது. பின்தங்குகிறவளும் அந்த எண்ணிக்கையில் ஒன்று. அவள் அக்கா தங்கையாகவும் இருப்பாள்.

சரி, குட்டிகளுக்கு வருவோம். சினைக்காலம் சுமார் 110 நாள். ஒரு ஈற்றில் இரண்டு அல்லது மூன்று குட்டி, சில சமயம் நாலு. குட்டி போடும் நேரம் வந்ததும் தாய் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, புதர் அடர்ந்த இடத்திலோ பாறை இடுக்கிலோ போடும். முதல் ஐந்தாறு வாரம் யாரிடமும் காட்டாது. ஒரே இடத்தில் வாடை சேர்ந்துவிடாமல், வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். குட்டிகள் சரியாக நடக்கத் தொடங்கியதும் கூட்டத்துக்கு அழைத்து வரும். அந்தச் சமயத்தில் குட்டி வைத்திருக்கும் மற்ற தாய்களும் சேர்ந்துகொண்டால் ஒரு பால்வாடி உருவாகிவிடும். எல்லாத் தாய்களும் எல்லாக் குட்டிகளோடும் ஒன்றாகவே இருக்கும், ஒன்றாகவே நகரும்.

ஒரு தாயின் மடியில் இன்னொரு தாயின் குட்டி பால் குடிப்பது இங்கே சகஜம். இதைப் பெரிய தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூர்ந்து பார்த்தவர்கள் சொல்வது கொஞ்சம் வேறு. விழித்திருக்கும் தாய், தன் குட்டி எது என்று தெரிந்தே முன்னுரிமை கொடுக்கிறது. மற்றக் குட்டிகள் பெரும்பாலும் அது தூங்கும்போது திருட்டுத்தனமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. நெருங்கிய உறவுக்காரியின் குட்டி என்றாலோ, தனக்கு ஒரே ஒரு குட்டி இருந்து பால் மிஞ்சினாலோ தாய் தாராளமாக விடும். பால்வாடியின் உண்மையான பயன் பாலில் இல்லை, காவலில் இருக்கிறது. வெளி ஆண் வந்தால் ஒரு தாயால் தடுக்க முடியாது. ஆண் சிங்கம் பெண்ணைவிட ஒன்றரை மடங்கு எடை. இரண்டு மூன்று தாய்கள் சேர்ந்து பாய்ந்தால் தனி ஆண் பின்வாங்கும் வாய்ப்பு உண்டு. தனித் தாயின் குட்டிகளைவிடப் பால்வாடிக் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன.

இப்போது ஆண் குட்டியின் கதை. பெண் குட்டிக்குப் பிறந்த இடமே சொந்த இடம். ஆண் குட்டி இரண்டரை, மூன்று வயதில் வெளியேறியே ஆக வேண்டும். ஒன்றாகப் பால்வாடியில் வளர்ந்த அண்ணன் தம்பிகளும் சித்தி மகன்களும் சேர்ந்தே கிளம்பும். அடுத்த இரண்டு வருடம் சொந்த எல்லை இல்லாத நாடோடி வாழ்க்கை. எந்தக் கூட்டத்தின் எல்லைக்குள் போனாலும் அடி விழும். கிடைத்ததைத் தின்று, கழுதைப்புலியிடம் பிடுங்கி, கர்ஜிக்காமல் நடமாடிக் காலம் தள்ளும். பல ஆண்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. நாலு ஐந்து வயதில் உடம்பும் பிடரியும் நிறைந்ததும், ஏதாவது ஒரு கூட்டத்தின் ஆண்களை எதிர்த்து நிற்கும்.

தனியாக வெளியே வந்த ஆணுக்குக் கூட்டம் கிடைப்பது அரிது. அதனால் அது வழியில் சந்திக்கும் இன்னொரு தனி ஆணோடு சேர்ந்துகொள்ளும். ரத்த உறவே இல்லாத இரண்டு ஆண்கள் ஆயுள் முழுக்க ஒன்றாக இருப்பதைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. 1991-ல் மரபணுச் சோதனையில் விடை கிடைத்தது. இரண்டு மூன்று ஆண்கள் உள்ள கூட்டணிகளில் உறவில்லாதவர்கள் கலந்திருக்கிறார்கள். நாலும் அதற்கு மேலும் உள்ள பெரிய கூட்டணிகளில் எல்லோரும் உறவுக்காரர்கள். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் இருவருக்கும் குட்டி கிடைத்துவிடும். ஆறு பேர் இருக்கும் இடத்தில் சிலருக்குச் சொந்தக் குட்டியே அமையாது. அண்ணன் பிள்ளைக்காகக் காவல் நிற்பதில் ஒரு தம்பிக்குத் தன் ரத்தம் தொடர்கிறது என்ற லாபம் இருக்கிறது, அந்நியனுக்கு அது இல்லை.

உறவு தெரியுமா என்று கேட்டீர்களே, அதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. கூட வளர்ந்தது யார், வளராதது யார் என்பது சிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். குரலை வைத்தே சொல்லிவிடும். ஆனால் ஒரு முறை கூட்டணி சேர்ந்துவிட்டால், உறவுக்காரன், அந்நியன் என்ற வேறுபாடு எல்லைக் காவலில் தெரிவதில்லை. வெளி ஆண்களின் கர்ஜனையைப் போட்டுக் காட்டியபோது, உறவில்லாத ஜோடியும் அண்ணன் தம்பி ஜோடியும் ஒரே மாதிரி எழுந்து போயின. கூட்டாளி வருகிறானா என்று பாராமலேகூடப் போயின. பெண்களிடம் பார்த்த அந்தப் பின்தங்கல் ஆண்களிடம் இல்லை. அவற்றுக்கு இருப்பதே கொஞ்ச காலம், ஒரு முறை தோற்றால் எல்லாம் போயிற்று.

கொஞ்ச காலம் என்றால் பெரும்பாலான கூட்டணிகளுக்கு இரண்டு மூன்று வருடம். கூட்டணி பெரிதானால் இன்னும் சில வருடம் நீடிக்கும். இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். குட்டி வைத்திருக்கும் பெண் சிங்கம், அந்தக் குட்டிகள் வளர்ந்து ஏறக்குறைய இரண்டு வயது ஆகும்வரை அடுத்த ஈற்றுக்குத் தயாராகாது. குட்டிகள் இறந்துபோனால் சில நாட்களிலேயே, சில வாரங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும். புதிதாக வந்த ஆண் முந்தைய ஆணின் குட்டிகள் வளரும்வரை காத்திருந்தால், தன் குட்டிகள் பிறக்கும் நேரத்தில் அதன் காலமே முடிந்திருக்கும். அடுத்து வருகிற ஆண்கள் அந்தக் குட்டிகளையும் விடாது. குட்டிகளைக் கொன்ற ஆண்களுக்கே அதிகம் சந்ததி தங்கியது. அந்தக் குணமே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. சிங்கம் இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கோபமோ வன்மமோ இருக்கிறது என்று சொல்லவும் இடமில்லை. செரங்கெட்டியில் குட்டிச் சாவுகளில் நாலில் ஒரு பங்கு இப்படி நடக்கிறது. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை.

தாய்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. இதை அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள், வீடியோவில் இந்தப் பகுதி இருந்திருக்காது. குட்டி வைத்திருக்கும் பெண்களுக்கு, தங்கள் கூட்டத்து ஆணின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டால் காதை மட்டும் திருப்பிவிட்டுப் படுத்திருக்கும். வெளி ஆணின் குரலைப் போட்டால் உடனே எழுந்து குட்டிகளைக் கிளப்பிக்கொண்டு விலகும். மறைக்கும், முடிந்தால் சேர்ந்து எதிர்க்கும். அந்தச் சண்டையில் தாய் உயிரை விடுவதும் உண்டு. குட்டிகள் ஒரு வயதைத் தாண்டி ஓடக்கூடிய நிலையில் இருந்தால், அவற்றைக் கூட்டிக்கொண்டு தாய் கூட்டத்தைவிட்டே வெளியேறி, அவை தனியாகப் பிழைக்கும்வரை மாதக் கணக்கில் அலையும். புது ஆண்களோடு சேர்ந்த பிறகும் பெண்கள் உடனே சினையாவதில்லை, சில மாதம் தள்ளிப்போகிறது. வந்த ஆண்கள் நிலைத்து நிற்கக்கூடியவையா என்று தெரியும்வரை உடம்பு காத்திருக்கிறது என்பது பேக்கர், பியூசி தந்த விளக்கம். அப்புறம் கூட்டத்தில் பல பெண்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள்தான் அடுத்த பால்வாடி. அதில் ஒன்றாக வளரும் ஆண் குட்டிகள்தான் மூன்று வருடம் கழித்து ஒன்றாகக் கிளம்பி, வேறொரு கூட்டத்தின் வாசலில் போய் நிற்கும் அண்ணன் தம்பிகள்.

ஆண் சோம்பேறியா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். திறந்த புல்வெளியில் வேட்டை பெரும்பாலும் பெண்களுடையது. நமீபியாவின் எட்டோஷாவில் பிலிப் ஸ்டாண்டர் கவனித்தபோது, ஒவ்வொரு பெண்ணுக்கும் பழகிய இடம் இருந்தது. சில பக்கவாட்டில் சுற்றிப் போய் இரையைக் கிளப்பும், சில நடுவில் பதுங்கிக் காத்திருக்கும். பெரிய உடம்பும் பிடரியும் கொண்ட ஆணுக்கு அங்கே மறைய இடம் கிடையாது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் 2013-ல் வெளியான ஆய்வில், ஆண்கள் அடர்ந்த புதருக்குள் தனியாகப் பதுங்கி இரை பிடிப்பது தெரிந்தது. புதருக்குள் நடப்பதைச் சுற்றுலா ஜீப்பிலிருந்து யாரும் பார்த்ததில்லை, சோம்பேறிப் பெயர் அதனால் வந்தது. எருமை போன்ற பெரிய இரையை வீழ்த்தும்போது ஆண்களின் எடை மிகவும் உதவும். பெண்கள் பிடித்ததை ஆண் வந்து முதலில் ஆக்கிரமிப்பது உண்மைதான். பதிலுக்கு அது இரவெல்லாம் எல்லையைச் சுற்றி நடக்கிறது, தன் வாடையைத் தெளித்து வைக்கிறது, கர்ஜிக்கிறது, கடிபடுகிறது. பெண் சிங்கம் பதினைந்து வயதைத் தாண்டுவது உண்டு, காட்டில் ஆண் பன்னிரண்டைத் தாண்டுவது அரிது.

ஆண் எவ்வளவு முக்கியம் என்பது அதைச் சுட்டால்தான் தெரிகிறது. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டி, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டி மாட்டிக் கண்காணித்துவந்த சிசில் என்ற ஆண் சிங்கத்தை ஒரு வெளிநாட்டு வேட்டைக்காரர் கொன்றார். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. எல்லோரும் செத்த ஒரு சிங்கத்துக்காக வருந்தினார்கள். சிங்கக் குடும்பம் தெரிந்தவர்களுக்கு அடுத்த பயம் அதன் குட்டிகளைப் பற்றி. சிசிலுக்கு ஜெரிகோ என்று ஒரு கூட்டாளி, உடன்பிறப்பு கிடையாது. அது அந்தக் குட்டிகளைக் கொல்லாமல் காவலாக நின்றது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு ஜெரிகோ இருப்பதில்லை. கூட்டத்து ஆணைச் சுட்டால் வெளி ஆண் வரும், குட்டிகள் சாகும், ஒரு தோட்டாவில் ஏழெட்டு உயிர் போகும். ஐந்தாறு வயதுக்குக் குறைந்த ஆண்களைச் சுடாமல் விட்டால் கூட்டங்களுக்கு அவ்வளவு பாதிப்பு வராது என்று 2004-ல் பேக்கர் குழு கணக்குப் போட்டுச் சொன்னது. வயது ஏற ஏற மூக்கு கறுப்பதால், தூரத்திலிருந்தே வயதை மதிப்பிடலாம் என்றும் காட்டினார்கள். பணத்துக்காகச் சிங்கத்தைச் சுட விடுவதையே நான் ஏற்கவில்லை. ஆனாலும் சுடுவதைத் தடுக்க முடியாத நாடுகளில் இந்த விதியாவது கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். ஆப்பிரிக்கக் காடுகளில் எஞ்சியிருப்பது இருபதாயிரத்துச் சொச்சம் சிங்கங்கள்தான்.

குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. 2025 கணக்கெடுப்பில் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் சேர்த்து 891 சிங்கங்கள் இருந்தன. அங்கே இரை பெரும்பாலும் புள்ளிமான் அளவு என்பதால் பெண் கூட்டங்கள் சிறியவை. ஆண்கள் பெண்களோடு சேர்ந்து வாழ்வதில்லை, இணை சேரவும் பெரிய இரை விழுந்தாலும் மட்டுமே சந்திக்கின்றன. ஒரு பெண் பக்கத்துப் பக்கத்து எல்லைகளின் போட்டி ஆண்களோடும் இணைகிறது. குட்டி யாருடையது என்று எந்த ஆணுக்கும் நிச்சயமாகத் தெரியாததால், குட்டிகள் தப்பிக்கின்றன என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால், அடுத்த வீடியோவைப் போடுவதற்கு முன்னால் வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்கு ஒரு முறை கூட்டிப்போங்கள். சரணாலயத்தில் வெளிமான் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள், நீங்கள் குரங்குகளைப் பாருங்கள். நம் நாட்டுக் குரங்கிலும் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், வளர்ந்த ஆண்கள் பல வேறு கூட்டத்துக்குப் போய்விடும். சிங்கத்தில் இல்லாத ஒன்றும் இங்கே உண்டு: பெண்களுக்குள் படிவரிசை. எந்தப் பெண் யாருக்குப் பேன் பார்க்கிறது, யார் வந்தால் யார் எழுந்து இடம் விடுகிறது, குட்டி பயந்தால் யாரிடம் ஓடுகிறது என்று மூன்று பத்தி போட்டு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஒரே கூட்டத்தைப் பார்த்தாலே போதும். தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம். கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அப்புறம் சண்டையை மட்டும்தான் பார்க்க முடியும்.